கோஷூத் ஐயா, உங்கள் சிலைக்குப் பக்கத்தில் ஒரு பலகை வேண்டும்

அன்புள்ள லாயோஷ் கோஷூத் ஐயாவுக்கு,

நியூயார்க்கில் ரிவர்சைட் டிரைவும் 113-வது தெருவும் சேரும் இடத்தில் நிற்கிற உங்கள் வெண்கலச் சிலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். யானோஷ் ஹோர்வாய் செய்த சிலை அது. ஹங்கேரியில் நீங்கள் முன்னின்று நடத்திய 1848 புரட்சி தொடங்கிய நாளான மார்ச் 15-ஐத் தேர்ந்தெடுத்து, 1928-ல் திறந்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அதற்கு 26 வருடம் முன்பே, 1902-லேயே உங்களுக்குச் சிலை வைத்துவிட்டார்கள். அந்த மரியாதைக்கு நீங்கள் முழுக்கத் தகுதியானவர். சிறையில் ஷேக்ஸ்பியரையும் பைபிளையும் வைத்து ஆங்கிலம் கற்றவர், 1849 ஏப்ரலில் டெப்ரட்சன் நகரில், ஹங்கேரியை ஆண்ட ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஆட்சி முடிந்தது என்று அறிவிக்க வைத்தவர், ஜார் மன்னரின் ரஷ்யப் படை வந்து எல்லாவற்றையும் நசுக்கிய பிறகும், இத்தாலியின் டூரினில் 1894-ல் கண்மூடும்வரை ஹாப்ஸ்பர்க் அரசரை ஏற்றுக்கொள்ளாமல் அகதியாகவே வாழ்ந்தவர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள்மேல் பெரிய மதிப்பு வருகிறது.

ஆனால் 1851 டிசம்பரில் நீங்கள் நியூயார்க்கில் வந்து இறங்கியபோது அந்த நாட்டில் முப்பது லட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள் அடிமைகளாக இருந்தார்கள். விடுதலை என்ற சொல்லோடு ஊர் ஊராகப் போய்ப் பேசிய நீங்கள் அவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடிமை ஒழிப்புக்காரர்கள் கெஞ்சிக் கேட்டும், அது அமெரிக்காவின் உள்விவகாரம், நான் தலையிட மாட்டேன் என்றீர்கள். அடிமை ஒழிப்பு இயக்கத் தலைவர் வில்லியம் லாயிட் கேரிசன் இந்த மௌனத்தைக் கேள்வி கேட்டு உங்களுக்கு எழுதிய நீண்ட பகிரங்கக் கடிதம் 1852-ல் புத்தகமாகவே வந்தது.

உங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. உங்களுக்குப் பணம் வேண்டும், அமெரிக்க அரசின் ஆதரவு வேண்டும், அதற்கு அடிமை முறை இருந்த தென்மாநிலங்களின் செனட்டர்கள் தயவும் வேண்டும். தவிர, ஹங்கேரி விஷயத்தில் ரஷ்யா தலையிட்டது தவறு என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவர், இன்னொரு நாட்டின் விவகாரத்தில் எப்படிக் கருத்துச் சொல்வது என்ற கேள்வியும் இருந்தது. சரி, அந்த மௌனத்தால் என்ன கிடைத்தது? தெற்கே போனபோது வரவேற்பு சப்பென்று இருந்தது, வடக்கே உங்களை நம்பியிருந்த அடிமை ஒழிப்புக்காரர்கள் கைவிட்டார்கள், கேட்ட அரசு உதவியும் வரவில்லை. கடைசியில் 1852 ஜூலையில் அலெக்சாண்டர் ஸ்மித் என்ற பொய்ப்பெயரில் கப்பலேறிக் கிளம்பினீர்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

சிலையை எடுக்கச் சொல்கிறவன் இல்லை நான். அதன் பக்கத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும், அதில் உங்கள் மௌனத்தையும், அதற்கு நீங்கள் சொன்ன காரணத்தையும், கேரிசன் கேட்ட கேள்வியையும் சேர்த்து எழுத வேண்டும். சிலையை நிமிர்ந்து பார்க்கிற பள்ளிப் பிள்ளைகள் உங்களை முழு மனிதராகத் தெரிந்துகொள்ளட்டும்.

அப்புறம், அதே பலகையில் அலெக்சாண்டர் ஆஷ்போத் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. உங்களோடு துருக்கிக்கு அகதியாகப் போய், 1851-ல் அமெரிக்காவுக்கு வந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கை எதிர்த்த வடக்குப் படையின் ஜெனரலாகி, 1864-ல் புளோரிடாவின் மரியானாவில் நடந்த சண்டையில் காயம்பட்டவர். அன்று அவர் தலைமையில் போரிட்டவர்களில் கறுப்பினப் படைவீரர்களும் இருந்தார்கள். உங்களோடு வந்த ஒருவர் அந்தப் பக்கம் நின்று போரிட்டார் என்பதை அங்கே எழுதுவது உங்களுக்கும் பெருமைதானே, ஐயா.

மாறாத மரியாதையுடன்,
உங்கள் வாசகன்