உருகி வந்த ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குப்பிகள் குறித்த புகார்

அனுப்புநர்:
ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்,
உயிர்வேதியியல் ஆய்வுக்கூடம்,
புதுச்சேரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மனித பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் வீரியம் இழந்து வந்தமை, மாற்றுக் குப்பிகள் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்களிடம் வாங்கிய ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற ரத்தப் புரதம் வேலை செய்யவில்லை என்று போனிலும் மின்னஞ்சலிலும் ஏற்கெனவே சொல்லிவிட்டோம். "ஜெல்லில் ஒரே பட்டைதான் தெரிகிறது, தூய்மை 95 சதவீதத்துக்கு மேல், சரக்கில் குறை இல்லை" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

பெட்டி வந்த விதத்தை முதலில் சொல்கிறேன். இது உறைந்த கரைசல். −20 டிகிரியில் வைக்கவும் என்று குப்பியிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். டிரை ஐஸ் போட்டு அனுப்புவதாகக் கொட்டேஷனில் எழுதி, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினீர்கள். வந்ததோ வெறும் ஜெல் பேக். வெள்ளிக்கிழமை கிளம்பிய பெட்டி சனி, ஞாயிறு முழுக்க வில்லியனூர் பக்கம் கூரியர் கிடங்கில் கிடந்தது, அதுவும் அக்னி நட்சத்திர வெயிலில். திங்களன்று தெர்மோகோல் மூடியைத் திறந்தால் ஜெல் பேக் கொழகொழவென்று வெதுவெதுப்பாக இருக்கிறது. குப்பியின் லேபிள் ஈரத்தில் ஊறி ஒரு முனை உரிந்து நிற்கிறது. அப்போதே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினோம்.

அப்புறம் சோதித்துப் பார்த்தோம். புரதங்களை வெட்டும் நொதியான டிரிப்சினோடு இந்தப் புரதம் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்து அதை அடக்கும். இதன் மூலக்கூறு எடை சுமார் 52,000, டிரிப்சினுடையது சுமார் 23,300. ஆக, 52 மைக்ரோகிராம் ஏறத்தாழ 23 மைக்ரோகிராம் டிரிப்சினை அடக்கிவிட வேண்டும். டிரிப்சின் அடங்காவிட்டால், அது வெட்டுவதற்கென்று நாங்கள் சேர்த்த பொருள் உடைந்து மஞ்சள் நிறம் ஏறும். அதை 405 நானோமீட்டரில் அளக்கிறோம். உங்கள் குப்பியிலிருந்து எடுத்துச் சேர்த்த குழாய் கண்ணெதிரே மஞ்சளாகிப் போனது. கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு வீரியம்கூட இல்லை. டிரிப்சினில் கோளாறு இருக்குமோ என்று நீங்கள் கேட்கலாம். எங்களிடம் மிச்சமிருந்த பழைய லாட்டை அதே டிரிப்சினோடு, அதே நாளில் வைத்துப் பார்த்தோம். அந்தக் குழாயில் நிறமே ஏறவில்லை.

இனி உங்கள் ஜெல் படத்துக்கு வருகிறேன். பட்டை இல்லையென்றால் புரதம் இல்லை என்று சொல்லலாம். 1963இல் சுவீடனில் லாரெலும் எரிக்சனும் இந்தப் புரதக் குறைபாட்டைக் கண்டறிந்ததே அப்படித்தான். ஆனால் பட்டை இருப்பதாலேயே புரதம் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. இது எலிப்பொறி மாதிரி இயங்கும் புரதம். 358ஆம் இடத்தில் இருக்கும் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம்தான் பொறியில் வைத்த கருவாடு. அது ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் பொறி பார்க்க அப்படியேதான் இருக்கும், எலி சரியாக விழாது. எடை மாறாததுபோலவே இருப்பதால், எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளைச் சேர்த்துப் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல் அதைக் காட்டிக்கொடுக்காது. சூட்டில் இதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதும் உண்டு. எஸ்டிஎஸ் சேர்த்துக் கொதிக்கவைத்தால் அந்தக் கோவையும் பிரிந்து ஒற்றைப் பட்டையாகவே தெரியும். புரதத்தைக் குலைக்காமல் அப்படியே ஓட்டும் நேட்டிவ் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். நாங்கள் ஓட்டியதில் முதன்மைப் பட்டைக்கு மேலே வரிசையாக வேறு பட்டைகள் இருந்தன. படத்தை இணைத்திருக்கிறேன்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை வறுக்கும் புகை இந்தப் புரதத்தை என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் மாணவியின் ஆய்வு. நுரையீரலை எலாஸ்டேஸ் என்ற நொதி அரித்துவிடாமல் காப்பது இந்தப் புரதம். சிகரெட் புகை அந்த மெத்தியோனைனைக் கெடுக்கும் என்பது தெரிந்த விஷயம். வரும்போதே கெட்டுப்போன புரதத்தை வைத்துக்கொண்டு புகையால் கெட்டது எவ்வளவு என்று அவள் எப்படி அளப்பாள்?

உங்கள் பிரதிநிதி போனில், "இது மருந்துக்கு இல்லையே மேடம், ஆராய்ச்சிக்குத்தானே" என்றார். அந்தப் பேச்சு மனதை மிகவும் வருத்தியது. யாரோ கை நீட்டிக் கொடுத்த ரத்தத்திலிருந்து வந்த பொருள் இது. ஆராய்ச்சிக்கு என்பதால் கெட்டுப்போனால் பரவாயில்லை என்று ஆகிவிடாது. தவறான அளவு ஆய்வேட்டில் ஏறினால் அதைப் படிப்பவர்களையும் அது தவறான வழியில் கொண்டுபோகும்.

எனவே வேறு லாட்டிலிருந்து அதே எண்ணிக்கையில் குப்பிகளைக் கட்டணமின்றி அனுப்ப வேண்டும். டிரை ஐஸில், வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள். கிளம்பும் முன் ஒரு போன் செய்தால் கூரியர் அலுவலகத்துக்கே ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறோம். லாட் சான்றிதழில் தூய்மையோடு, டிரிப்சினை வைத்து அளந்த வீரியமும் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத சான்றிதழை இனி எங்கள் ஸ்டோரில் ஏற்கப் போவதில்லை. இதே லாட் வேறு ஆய்வுக்கூடங்களுக்கும் போயிருந்தால் தயவுசெய்து அவர்களுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். அவர்கள் வீரியத்தை அளந்து பார்க்காமலே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்.

மீதிக் குப்பிகளைத் தொடாமல் −20 டிகிரியில் வைத்திருக்கிறோம். உங்கள் ஆட்கள் எப்போது வந்தாலும் அவர்கள் முன்னாலேயே சோதனையைச் செய்துகாட்டத் தயார்.

இப்படிக்கு,
ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்

இணைப்பு: பெட்டி திறந்தபோது எடுத்த படங்கள், டிரிப்சின் சோதனை அளவீடுகள், நேட்டிவ் ஜெல் படம், கொட்டேஷன் நகல்.