வீடுதான் முதலில் இருந்தது

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இழுப்பு குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

போன ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர் ஒருவரின் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவே, மிசிசிப்பி ஆற்றோரம், ரிசர்வ் என்று ஓர் ஊர். அந்த 85 மைல் நெடுக ரசாயன ஆலைகள்தான். 'கேன்சர் சந்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். துருப்பிடித்த இரண்டு கம்பங்கள் நின்றன, துணிக்கொடி இல்லை. "துணியை வெளியே காயப்போட்டு வருஷக்கணக்காகிறது" என்றார் அந்தம்மா. எர்ணாவூரில் உங்கள் வீட்டு மொட்டைமாடி நினைவுக்கு வந்துவிட்டது. உன் பள்ளிச் சட்டையில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலை உதறித்தானே அம்மா மடிப்பார்?

சாம்பலாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே நியோபிரீன் ரப்பர் செய்த ஆலையிலிருந்து காற்றில் வந்தது குளோரோபிரீன் என்ற ரசாயனம். அது புற்றுநோய் தரக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-இல் சொன்னது. ஊர்க்காரர்கள் காதுக்கு அது ஒழுங்காக எட்டவே 2016 ஆகிவிட்டது. அமெரிக்க மத்திய அரசு 2023-இல் ஆலைமீது வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் தானே வாபஸ் வாங்கியது. இரண்டு மாதம் கழித்து ஆலை உற்பத்தியை நிறுத்தியது, அதுவும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று. பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. படித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகள். நினைக்கவே வயிறு எரிகிறது.

"ஏன் அங்கே போய்க் குடியிருக்கிறார்கள்?" என்று என்னிடமே கேட்கிறார்கள். அந்தக் கரையெல்லாம் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் தோட்ட ஓரங்களிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். பிற்பாடு தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் கைமாறின. விற்றவர்கள் யாரும் இவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் பக்கத்துக் குப்பங்களை ஒட்டி அனல்மின் நிலையம் வந்த கதைதான். இப்போது விற்றுவிட்டுப் போகலாம் என்றாலும் அந்த வீட்டை யார் வாங்குவார்?

2023 டிசம்பரில் உங்கள் எண்ணூரில் அமோனியா கசிந்த இரவைப் பற்றி அந்தம்மாவிடம் சொன்னேன். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அதை. "எத்தனை மணிக்கு வாடை வந்ததாம்? எழுதி வைத்தார்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வாடை வந்த தேதி, மணி, காற்றடித்த திசை, அன்று யாருக்கெல்லாம் இருமல், எல்லாம் பென்சிலில்.

நீ எழுதி வைத்திருக்கிறாயா, செல்வா? இல்லையென்றால் அம்மாவுக்கு நினைவிருக்கும். கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
குமார்