அழுகிறவர்களுடனே அழுதவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், டயாலிசிஸ் பிரிவில் எங்களைச் சொந்தமாக ஏற்றுக்கொண்ட அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

என் கணவரின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தைத் தாங்கி வருகிறவர்கள் நீங்கள். நேரில் நன்றி சொல்ல வாய் திறந்தால் பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் செய்த உதவிகளை ஊரறியச் சொல்ல வேண்டும். அவற்றினூடே கர்த்தர் என் உள்ளத்தில் செய்த வேலையையும் சாட்சியாகச் சொல்ல வேண்டும்.

முதல் நன்றி போதகர் ஐயாவுக்கு. நோயின் தொடக்கத்தில் எங்களைப் பார்க்க வந்த ஒருவர், உங்களிடம் விசுவாசம் போதவில்லை, மறைவான பாவம் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ஐயா வந்து யோவான் 9-ஆம் அதிகாரத்தை வாசித்தார். பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். “அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்கிறார் இயேசு. ஐயா அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அந்த வசனத்தை மட்டும் இரண்டாம் முறை வாசித்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த என் கணவர் அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

நோயாளியிடம் பாவக் கணக்குக் கேட்கிறவர்கள் யோபுவின் புத்தகத்தைக் கடைசி அதிகாரம் வரை படிக்க வேண்டும். அவனுடைய சிநேகிதர்கள் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள், அது அன்பு. பேசத் தொடங்கிய பிறகுதான் அவனை நொறுக்கினார்கள். முடிவில் கர்த்தர் கோபங்கொண்டது யோபுவின்மேல் அல்ல, அவர்கள்மேல்தான்.

அடுத்து, ஜெபக்குழுவை நடத்தும் அக்காவுக்கு. டயாலிசிஸ் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நடக்கும். அந்த நேரமெல்லாம் காத்திருப்போர் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே அக்கா, அதை நான் எப்படி மறப்பேன்? எனக்கு ஜெபம் வரவில்லை. உதடு ஸ்தோத்திரம் சொல்லும், உள்ளே எல்லாம் வறண்டுகிடக்கும். இதை உங்களிடம் சொன்னபோது 13-ஆம் சங்கீதத்தை எடுத்து என் மடியில் வைத்தீர்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்குகிறது அது. “இதையே உங்கள் ஜெபமாகச் சொல்லுங்கள். அவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்” என்றீர்கள்.

ஆறே வசனங்கள் உள்ள அந்தச் சங்கீதம் பாட்டில் போய் முடிகிறது. எனக்குப் பாட வரவில்லை என்றேன். உடனே 88-ஆம் சங்கீதத்தைக் காட்டினீர்கள். அதில் ஆறுதலான முடிவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு, தோழரும் விலகிப்போனார்கள் என்ற துயரத்தோடு நின்றுவிடுகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறதே, அதுவும் அவருடைய சந்நிதியில் பாடப்பட்டதுதானே! அன்றுதான் நான் மனம்விட்டு அழுது ஜெபித்தேன். எனக்குள் இருந்த பயமும் கோபமும் வார்த்தையாக வெளியே வந்தன. வெளியே வந்த பிறகுதான் உள்ளே வேறொன்றுக்கு இடம் கிடைத்தது.

டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் தங்கைக்கு ஒரு தனி நன்றி. டயாலிசிஸுக்காக என் கணவரின் இடக்கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்தபோது, தினமும் அதன்மேல் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். இரத்தம் சீராக ஓடினால் தோலுக்கடியில் மெல்லிய அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். ஆரம்பத்தில் என் விரல் நடுங்கும் நடுக்கத்தில் அதிர்வு எது, நடுக்கம் எது என்றே தெரியாது. இப்போது காலையில் கண்விழித்ததும் அவர் கையை நீட்டுகிறார், நான் விரலை வைக்கிறேன். அதிர்வு தெரிந்ததும் இருவரும் சேர்ந்து வேதத்தில் புலம்பல் புத்தகத்தின் அந்த வசனத்தைச் சொல்கிறோம்: கர்த்தருடைய இரக்கங்கள் “காலைதோறும் புதியவைகள்.” நாளை மறுநாளைப் பற்றி அந்த நேரத்தில் நாங்கள் பேசுவதில்லை.

பிள்ளைகளின் கட்டணத்தைச் செலுத்திவிட்டுப் பெயர் சொல்லாமல் இருந்துவிட்டவருக்கும், விடியற்காலையில் வண்டி எடுத்துவந்த வாலிபர் சங்கத் தம்பிகளுக்கும் நன்றி. வீட்டு வேலையைச் செய்துவிட்டுச் சத்தமில்லாமல் போன சகோதரிகளே, உங்களுக்கும் நன்றி.

இனி, உள்ளே நடந்த மாற்றம். “உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்” என்ற ரோமர் 12-ஆம் அதிகாரத்து வசனத்தைச் சிறுவயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்வேன். அது எனக்குள் எப்படித் தெரியும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. சென்ற மாதம், அடுத்த படுக்கையில் இருந்த சகோதரருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்த செய்தி வந்தது. நாங்களும் அதே காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறோம். அவருடைய மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! ‘எங்களுக்கு ஏன் இல்லை’ என்ற எண்ணம் என்னை எரித்துக்கொண்டிருந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று அந்த நெருப்பு எங்கேயும் இல்லை. வீட்டுக்கு வந்து அதே அதிகாரத்தைத் திறந்தேன். பதினைந்தாம் வசனத்தில் இருக்கிறது: “சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்.” பின்பகுதியை நீங்கள் எனக்குச் செய்தீர்கள். அதனால்தான் முன்பகுதியை என்னால் செய்ய முடிந்தது.

என் கணவர் இன்னும் குணமாகவில்லை. அப்போஸ்தலனாகிய பவுலும் தன் மாம்சத்தில் முள்ளாக இருந்த வேதனை நீங்க வேண்டும் என்று மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். அவர் கேட்டது கிடைக்கவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் கிடைத்தது. சுகத்துக்காகக் கேட்பதை நாங்கள் விடவில்லை. நீங்களும் விடாமல் கேளுங்கள்.

புதிதாக டயாலிசிஸுக்கு வருகிற குடும்பங்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள். அந்த நான்கு மணி நேரமும் அவர்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி