கதைக்குள் படிக்கும் பிள்ளைகள்: மகளுக்கு ஒரு கடிதம்

கோபிசெட்டிபாளையம்

அன்பு மகளுக்கு,

நீ எழுதி அனுப்பிய மஞ்சள் தோட்டத்துக் கணினிக் கதைப் பாடத்தை, நம் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் இருவரைக் கணினி முன் உட்கார வைத்துப் பார்த்தேன். வாடும் பயிருக்குக் காரணம் தேடும் கதை இருவரையும் இழுத்துக்கொண்டது. படித்த விதத்தில்தான் எவ்வளவு வேறுபாடு! ஒருத்தி, அடியிலைகள் பழுத்துத் தண்டின் அடி நைந்திருப்பதைக் கண்டதும், "தண்ணி தேங்குதான்னு மொதல்ல பாக்கோணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கதைக்குள் வடிகாலைத் தேடிப் போனாள். கிழங்கழுகலுக்குப் பித்தியம் என்னும் நுண்ணுயிரி காரணம் என்பதை அதன் பிறகே கதையில் வரும் ஆய்வகத்தில் உறுதி செய்துகொண்டாள். மற்றவனோ மண், இலை, நீர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சோதித்து விடையை அடைந்தான். அது எப்படி விடையாயிற்று என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

முன்கூட்டித் திட்டமிடுதல், செய்யும்போதே தன்னைக் கவனித்தல், முடித்தபின் திரும்பிப் பார்த்தல் என்று, தன் கற்றலைத் தானே நெறிப்படுத்துவதற்குக் கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மன் வகுத்த மூன்று கட்டங்களில், அவனுக்கு நடுவில் உள்ளதுகூட முழுமையாக வாய்க்கவில்லை. கதை தரும் சுதந்திரம், திட்டமிடத் தெரிந்த பிள்ளைக்கே முதலில் பயன்படுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'கிரிஸ்டல் ஐலண்ட்' விளையாட்டில், தீவில் பரவும் நோயை ஆராயும் மாணவருக்கு ஒரு நோயறிதல் தாள் உண்டு. அறிகுறிகளையும் சோதனை முடிவுகளையும், எந்த நோயாக இருக்கலாம் என்ற தம் ஊகத்தையும் அவர்கள் அதில் குறித்துக்கொண்டே போக வேண்டும். அந்தத் தாள்தான் அதன் உயிர் என்று நினைக்கிறேன். உன் பாடத்தில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை, கண்ணு. ஆய்வகக் கதவு திறக்குமுன், "என்ன முடிவை எதிர்பார்க்கிறாய், ஏன்?" என்று ஒரு வரி எழுதச் சொல். அடுத்து எங்கே போக வேண்டும் என்று காட்டும் சிவப்பு அம்பை எடுத்துவிடு. தொடக்கத்தில் தரும் குறிப்புகள், பிள்ளை தேறத் தேறக் குறைய வேண்டும். கதையில் சந்தித்துப் பேசிய ஆட்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தருவதும் வேண்டாம். அது அலைச்சலுக்குத் தரும் பரிசு.

அடுத்து நொய்யலைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாய். சாயக்கழிவைப் பற்றி முதல் காட்சியிலேயே சொல்லிவிடாதே. ஆற்றின் மேற்பகுதியிலும் திருப்பூரைத் தாண்டியும் ஒரத்துப்பாளையம் அணையிலும் நீரின் உப்பளவைப் பிள்ளைகளே குறித்து, ஒப்பிட்டு, தம் முதல் ஊகத்தைத் தாமே திருத்திக்கொள்ள இடம் கொடு.

அன்புடன்,
அப்பா