வெஸ்ட் வாங்கின கதையும் வாத்தியாரின் கோபமும்

அன்புள்ள குட்டை,

உன் கடிதம் வந்து நாலு மாசமாகிறது. சாக்குச் சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை, அதனால் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் நலம். என் முழங்கால் பழையபடிதான். உன் பெண்ணுக்குப் பரீட்சை முடிந்ததா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வாத்தியார் உனக்கு எழுதுவதற்குள் நான் எழுதிவிட வேண்டும். ஒருவேளை ஏற்கெனவே எழுதியிருப்பான். அவன் கையெழுத்தில் இரண்டு பக்கம் வந்திருந்தால் அதில் ஒன்றரைப் பக்கம் என்னைப் பற்றியதாக இருக்கும். திட்டு முழுக்கப் பொய்யில்லை. ஆனால் என் பக்கக் கதையையும் கேட்டுவிடு.

எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். "அந்த மாடுலர் டாக்டிகல் வெஸ்ட் வாங்கலாமா, பார்த்துச் சொல்" என்று போன கடிதத்தில் கடைசி வரியில் எழுதி வைத்தாய். நம் ஏர்சாஃப்ட் ஆட்டத்துக்கு, அதாவது பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிச் சண்டைக்கு, அமெரிக்க மரைன் படையின் கவச உடையைப் போலச் செய்த நகல். நானும் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் போனேன், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஸ்கோப் விஷயத்தில் நடந்த அதே கதை. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக ஸ்கேலை எடுத்து அளந்தேன். முன்புறம் வரிவரியாக ஓடும் நாடா ஒவ்வொன்றும் 25 மில்லிமீட்டர் அகலம், நடுவில் விடும் இடைவெளியும் அதே 25, தையலுக்குத் தையல் 38. இந்த மூன்று கணக்கும் சரியாக இருந்தால்தான் எந்த பவுச்சை, அதாவது சாமான் வைக்கும் சின்னப் பையை, வாங்கினாலும் ஒட்டி உட்காரும். முன்புறம் கச்சிதம். முதுகில் இடது ஓரம் ஒரே ஒரு வரிசையில் தையல் 35-க்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் தண்ணீர்ப் பையின் பட்டையை நுழைக்க ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினேன், பெருவிரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். தொங்கிய நூல் நுனிகளைத் தீக்குச்சியால் லேசாகச் சுட்டதும் உருகி முடிச்சாக நின்றன. ஆக, பருத்தி இல்லை, செயற்கை இழைதான். கோர்டுரா என்ற கெட்டித் துணி என்று சீட்டில் போட்டிருக்கிறார்கள், அதற்கு நான் ஜாமீன் இல்லை. வெல்க்ரோ முரட்டுப் பிடி, பிரிக்கிற சத்தத்தில் பக்கத்துத் தெரு எழுந்துவிடும். நிறம் கொயோட்டி பிரவுன் என்கிற மண் பழுப்பு, வெயிலில் கொஞ்சம் பச்சை அடிக்கிறது. இருட்டில் பார்க்கும் கருவி வழியே பார்த்தால் பளிச்சென்று தெரியாதபடி நிஜ வெஸ்ட்டின் துணியைப் பக்குவப்படுத்தியிருப்பார்கள். நகலில் அதை எதிர்பார்க்காதே. பகலில் ஆடும் நமக்கு அது தேவையுமில்லை.

தோள்பட்டையில் துப்பாக்கியின் பின்கட்டை நழுவாமல் தடுக்க ஒரு சின்ன மெத்தை, வயர் போக வழி, இடுப்பில் பக்கப் பிளேட்டுக்கு, அதாவது கவசத் தகட்டுக்கு, ஒரு பை, கழுத்துக்குக் காலர், தொண்டைக்குத் தனித் துண்டு, கீழே தொங்கும் ஒரு மடிப்பு என்று எல்லாம் அசல் மாதிரியே வைத்திருக்கிறான். தொண்டைத் துண்டையும் கீழ் மடிப்பையும் முதல் நாளே கழற்றி வைத்துவிட்டேன். குனிந்தால் தொண்டையில் குத்துகிறது, ஓடினால் கீழே அடிக்கிறது.

நகல் எந்த அளவுக்கு விசுவாசமானது என்றால், அசலின் குறைகளையும் அப்படியே கொண்டுவந்திருக்கிறது. 2006-ல் அமெரிக்க மரைன் படை பழைய இன்டர்செப்டர் கவசத்துக்குப் பதிலாக இதைத் தேர்ந்தெடுத்தது. பிளேட்டெல்லாம் போட்டால் 30 பவுண்டு, அதாவது பதிமூன்றரை கிலோ. பழையதே தேவலை என்று படையிலேயே முணுமுணுப்பு. 2008-ல் தளபதி ஜேம்ஸ் கான்வேயே மிச்ச ஆர்டரை நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்புறம் தகட்டை மட்டும் தாங்கும் இலேசான பிளேட் கேரியர் வந்தது, இதையும் திருத்தி ஒரு புது வடிவம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு வந்த புகார்களில் ஒன்று, தலைவழியாக மாட்டும்போது காதை உரசுகிறது என்பது. என்னுடையது மூன்று கிலோ சொச்சம்தான், பிளேட்டெல்லாம் நுரை. ஆனால் காது விஷயத்தில் துளிகூட ஏமாற்றவில்லை. கண்ணாடி போட்டவன் நான், ஒவ்வொரு தடவையும் அதைத் தரையில் தேட வேண்டியிருக்கிறது.

உனக்கு மிகவும் பிடிக்கப்போவது அவிழ்ப்புக் கயிறு. முன்னால் இருக்கும் பிடியை ஒரே இழு இழுத்தால் உள்ளே ஓடும் கேபிள்கள் உருவிக்கொண்டு வந்துவிடும், வெஸ்ட் இரண்டாகப் பிரிந்து காலடியில் விழும். தண்ணீரில் விழுந்தவனையோ அடிபட்டவனையோ சட்டென்று விடுவிக்க வைத்த ஏற்பாடு. இழுத்துப் பார்த்தேன், அருமை. திரும்ப மாட்ட நாற்பது நிமிஷம் ஆயிற்று. படம் போட்ட சீட்டில் நாலாவது படமும் ஐந்தாவது படமும் ஒன்றேதான் என்று இன்னமும் சொல்வேன். பொடியன் இரண்டாம் முறை இழுத்துவிட்டு ஓடியதை எழுதினால் கடிதம் நீளும்.

இனி வாத்தியார்.

மூன்றாவது ஆட்டம். கட்டை அடுக்குக்குப் பின்னால் நான். அவன் எனக்கு எதிரே, முப்பத்தைந்து மீட்டர் இருக்கலாம், மரத்தை ஒட்டி. சரமாரியாகச் சுட்டான். என் முன்பக்கத்தில் 'டொக்' என்று ஏதோ கேட்டது. மேகசின் பவுச்சுக்குள் ஆடுகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், பார். அவன் சுடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். நான் கையைத் தூக்குவேன் என்று காத்திருந்தான், எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. நான் தூக்கவில்லை. அடுக்கின் வலப்பக்கமாக வந்து அவனைச் சுட்டேன். "ஹிட்" என்றான், பலமாகக்கூட இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்காமலே என்னைத் தாண்டிப் போனான். நடுவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். 'கிரவுண்டில் சண்டை போடாதவன் வாத்தியார்' என்று நீ சொல்வாயே, அதே அமைதிதான். அதற்கு அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

நம் ஆட்டத்தில் வேறு என்ன இருக்கிறது? பெயிண்ட்பாலில் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே பட்டவன் வாயால் சொன்னால்தான் உண்டு. சொல்லாதவனுக்கு நாம் வைத்த பெயர் உனக்கு நினைவிருக்கும். நம் கூட்டத்துப் பல்லியின் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சொல்லி நாம் எத்தனை வருஷம் சிரித்தோம்! இப்போது அந்தப் பெயர் எனக்கு.

அன்று ராத்திரி வெஸ்ட்டைக் காயப் போடுவதற்காக ஒவ்வொரு பவுச்சாகக் கழற்றினேன். நாடா இடுக்கிலிருந்து வெள்ளைக் குண்டுகள் ஏழெட்டு உதிர்ந்தன. அது சகஜம், இந்த வெஸ்ட்டில் மடிப்புக்கா பஞ்சம். இடுப்புப் பட்டையும் முன்புற மடலும் சேரும் இடத்தில் விரலை விட்டேன். இரண்டு குண்டு வந்தன. பச்சை.

பச்சைக் குண்டு போடுகிறவன் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் சும்மா இருக்க முடியவில்லை. மைதானத்துக் கணக்குப்படி 0.20 கிராம் குண்டுக்கு நொடிக்கு 350 அடி வேகம், அதாவது 1.1 ஜூல் சக்தி. கிட்டத்தில் பட்டால் சுள்ளென்று இருக்கும். முப்பது நாற்பது மீட்டர் தாண்டி வரும்போது பாதி வேகம்கூட மிச்சமிருக்காது, கொசு உட்கார்ந்த மாதிரிதான். பொடியனுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி முப்பது மீட்டரில் நிறுத்தினேன். நானும் முழு முகமூடி, காதில் பஞ்சு, கண்ணை மூடிக்கொண்டேன். அவன் ஒவ்வொன்றாகச் சுட வேண்டும், பட்டது தெரிந்தால் நான் கையைத் தூக்க வேண்டும். நுரைப் பிளேட்டோடு வெஸ்ட்டில் பட்டது இருபது, நான் கையைத் தூக்கியது ஐந்து. அதிலும் இரண்டு, அவன் சுடுவதற்கு முன்பே தூக்கினது! பிளேட்டை உருவிவிட்டு வெறும் துணியோடு நின்றேன், பதினேழு தெரிந்தது. அப்புறம் நுரைக்குப் பதில் கெட்டி பிளாஸ்டிக் பிளேட் போட்டு, பஞ்சை எடுத்துவிட்டுப் பார்த்தோம். உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் 'டக்' என்று தகரத்தில் ஆலங்கட்டி விழுந்த மாதிரிச் சத்தம். அதைக் கேட்கவில்லை என்று எவனும் சாதிக்க முடியாது.

ஆகவே வெஸ்ட் மேல் பழியைப் போட எனக்கு ஆதாரம் கைநிறைய இருக்கிறது. வாத்தியாரிடம் இந்தக் கணக்கை அப்படியே ஒப்பித்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், குட்டை, எனக்கு அன்றைக்கு அந்த 'டொக்' கேட்டது. இருபதில் ஐந்து கணக்கெல்லாம் காதில் விழாதவனுக்கு. புது வெஸ்ட், முதல் நாள், எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக மனசு வரவில்லை. இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: சுவரில் மாட்டிப் பார்க்கவோ படம் எடுக்கவோ என்றால் தாராளமாக வாங்கு, தையல் காசுக்கு வஞ்சனை இல்லை. ஆடுவதற்கு என்றால் இலேசான பிளேட் கேரியர் போதும். இல்லை, இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நுரையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கெட்டி பிளாஸ்டிக் போடு, தொண்டைத் துண்டைக் கழற்று, வெயிலில் மணிக்கொரு தரம் திறந்துவிடு, முதுகு வெந்துவிடும். இன்னொன்று. நம் புதுப்பையன் ஒருவன் இதைப் போட்டுப் பார்த்து, "நிஜத் தோட்டாவையும் தாங்குமா அண்ணா?" என்றான். விளையாட்டுக்குத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பது குளியலறை மிதியடி என்று பிய்த்துக் காட்டினேன். உன் பசங்களுக்கும் காட்டிவிடு. வெஸ்ட்டுக்குச் செலவழிக்கிறதில் பாதியைக் கண்ணைக் காக்கும் கண்ணாடிக்குப் போடச் சொல்.

அந்த இரண்டு பச்சைக் குண்டும் ஒரு தீப்பெட்டிக்குள் என் மேஜை மேல் இருக்கின்றன. போன ஞாயிறு எடுத்துக்கொண்டு போனேன். வாத்தியார் வந்திருந்தான், எதிர் அணியில் நின்றான், என்னிடம் 'வாங்க' என்றான். வாங்க! இருபது வருஷமாக 'டேய்' போட்டவன். தீப்பெட்டியைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அவன் உனக்கு எழுதியிருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறான் என்று மறைக்காமல் எழுது. எழுதவில்லை என்றால் அதையும் எழுது. அடுத்த ஆட்டம் இன்னும் பதினைந்து நாளில்.

உன்,
நெட்டை

பி.கு.: தோள்பட்டை மெத்தை எனக்கு இடைஞ்சல். நீ இடக்கைக்காரன், உனக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று சொன்னால் தனியாக அனுப்பி வைக்கிறேன்.