திரும்பும்போது உடைந்த பல்

அன்புள்ள குமரா,

மணிக்கட்டுக் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இனி நீ அரம் பிடிக்கலாம்.

இங்கே என் டைகர், நான் கட்டிய அந்த ஜெர்மன் போர் டாங்கியின் மாடல், படுத்துவிட்டது. ஆறில் ஒரு பங்கு அளவு, எடை 90 கிலோ. போன வாரம் புல்தரையில் நின்ற இடத்திலேயே திருப்பினேன். 'கடக்' என்று ஒரு சத்தம், வலப்பக்க டிராக் (டாங்கியின் சங்கிலிப் பட்டை) அசையவில்லை. கியர்பாக்ஸைத் திறந்தால் கடைசிப் பல்சக்கரத்தில் மூன்று பல்லைக் காணோம். இரண்டு நாள் அதைத் தொடவே மனம் வரவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கியரைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தராசு மாட்டி நேராக இழுத்துப் பார்த்தேன். 9 கிலோ விசை. பக்கத்துக்கு நாலரை. நான் அதை இரண்டால் பெருக்கி, போதும் என்று கியரைத் தேர்ந்தெடுத்திருந்தேன். தவறு அங்கேதான். திரும்பும்போது டிராக் உருளவில்லை, தரையில் பக்கவாட்டில் தேய்கிறது. அதற்கு ஒரு பக்கத்துக்கு வேண்டிய விசை: எடையை உராய்வு எண்ணால் பெருக்கு, டிராக் தரையைத் தொடும் நீளத்தால் பெருக்கு, இரண்டு டிராக்குகளின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தின் நாலு மடங்கால் வகு. டைகரில் நீளம் அந்தத் தூரத்தைப் போல ஏறக்குறைய 1.28 மடங்கு. புல்லுக்கு 0.7 என்று வைத்தால் வருவது 20 கிலோ! நேராக ஓடுவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். டிராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 7 செ.மீ., ஆக அதைச் சுழற்ற வேண்டிய முறுக்கு விசை 14 நியூட்டன் மீட்டர். டிராக் கல்லில் மாட்டினால் இன்னும் ஏறும். இந்த முறை 30 நியூட்டன் மீட்டர் தாங்கும் கியர் போடுகிறேன்.

நீ வார்ம் கியர் (திருகு மாதிரி தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் வகை) போடப்போவதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து வேண்டாம். சரிவில் நகராமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஓட்டத்தில் மின்சாரம் சட்டென்று நின்றால், டாங்கியின் வேகம் முழுவதும் டிராக் வழியாகத் திரும்பி வந்து அந்தப் பற்களில்தான் இடிக்கும். சாதாரண பல்சக்கரமோ, நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள் ஓடும் பிளானெட்டரி கியரோ போடு. சரிவில் நிற்க மோட்டாரிலேயே பிரேக் வைத்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலி மோட்டார்களில் அது கூடவே வருகிறது.

மோட்டார் வேகத்தை எத்தனை மடங்கு குறைப்பது என்ற கியர் விகிதத்துக்கு ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. நிஜ டைகரின் மணிக்கு 38 கி.மீ. வேகத்தை ஆறால் வகுத்தால் 6.3. ஸ்ப்ராக்கெட் நிமிடத்துக்கு 240 சுற்று, 3000 சுற்று மோட்டாருக்கு 12.5 மடங்கு குறைப்பு. நான் 16 வைக்கிறேன். கொஞ்சம் மெதுவாகப் போனால்தான் எடை உள்ள வண்டி மாதிரி கண்ணுக்குத் தெரியும்.

பிரிட்டனின் சர்ச்சில் டாங்கியில் வந்த மெரிட்-பிரவுன் என்ற திருப்பும் கியர் அமைப்பு என் மனதை விட்டுப் போகவே இல்லை. மாடலில் அந்த யோசனையை இப்படிச் செய்யலாம்: ஓட்ட ஒரு மோட்டார், திருப்ப ஒரு மோட்டார், நடுவே இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல்கள். திருப்பும் மோட்டார் நின்றிருக்கும்வரை இரு டிராக்கும் ஒரே வேகத்தில் ஓடியே ஆக வேண்டும். வளைவில் உள்பக்க டிராக் இழுபடும் சக்தி வீணாகாமல் ஷாஃப்ட் வழியாக வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். எத்தனை அழகான யோசனை! அடுத்த டாங்கியில் செய்தே தீருவேன்.

டிராக்கின் பின்களையும் பார்த்துக்கொள். 96 கண்ணிகளில் ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. தேய்ந்தாலே மொத்தம் ஒரு செ.மீ. நீண்டுவிடும், டிராக் ஸ்ப்ராக்கெட்டில் ஏறித் தாவும்.

உன் டாங்கியில் டிராக் தரையைத் தொடும் நீளம், மைய இடைவெளி, எடை மூன்றையும் அளந்து எழுது. கியர் வாங்குவதற்கு முன்னால் எழுது. கணக்கை நான் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
சேகர்