ஒரு கீ, பல மதிப்புகள்: ஜாவா நூலகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜாவா அடிப்படை நூலகக் குழுவினருக்கு,

வணக்கம். ஒரு கீக்கு, அதாவது தேடும் பெயருக்கு, பல மதிப்புகள்; ஆனால் ஒரே கீயில் ஒரே மதிப்பு இரண்டு முறை வராது. இப்படி ஓர் அமைப்பை ஜாவா நிரல்மொழியின் அடிப்படை நூலகத்திலேயே சேருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இந்தக் கோரிக்கை உங்களுக்குப் புதிதல்ல. மல்டிமேப் என்று அழைக்கப்படும் இந்த அமைப்பை விளக்கி உங்கள் நேரத்தை வீணாக்கவும் போவதில்லை. எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு பயனரும் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற விவரம் நினைவகத்தில் இருக்கும். யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். அதை முதலில் எழுதியவர், உங்கள் பழைய பயிற்சிப் பக்கங்கள் சொல்லித் தந்தபடியே மேப்புக்குள் (கீயைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அமைப்பு) லிஸ்ட் (ஒன்றே பலமுறை வரக்கூடிய பட்டியல்) வைத்து எழுதியிருந்தார். நெட்வொர்க் தடுமாறினால் அதே கோரிக்கை இரண்டாவது முறை வரும். லிஸ்டும் அதே குழுவை இரண்டாவது முறை சேர்த்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் நிர்வாகி அந்தக் குழுவிலிருந்து பயனரை நீக்குவார். லிஸ்டின் ரிமூவ் முதலில் அகப்படும் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிடும். நீக்கப்பட்டவர் உள்ளேயே இருப்பார். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சரி, லிஸ்டை எடுத்துவிட்டு, ஒரே மதிப்பை இரண்டாவது முறை ஏற்காத செட் போட்டோம். பல த்ரெட்கள், அதாவது ஒரே நிரலில் இணையாக ஓடும் வேலைகள், ஒரே நேரத்தில் தொடும் இடம் என்பதால் வெளியே கான்கரண்ட்ஹேஷ்மேப் என்ற மேப், உள்ளே நியூகீசெட் கொடுக்கும் செட். இரண்டுமே நீங்கள் தந்தவை, இரண்டுமே பல த்ரெட்களுக்குப் பாதுகாப்பானவை. சேர்க்கும்போது, கீ இல்லையென்றால் புதிய செட்டை வைத்துத் தரும் கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட், அப்புறம் அந்த செட்டில் ஆட். நீக்கும்போது செட்டிலிருந்து ரிமூவ். செட் காலியாகிவிட்டால் மேப்பிலிருந்து அந்தக் கீயையும் ரிமூவ். எங்கள் குழுவில் வயதில் இளையவர் எழுதினார். நான் உட்பட மூன்று பேர் படித்துப் பார்த்தோம். மூன்று பேரும் சரி என்றோம்.

போன மாதம் ஒரு பயனரை ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். பழைய குழு நீங்கியது என்று நிரலின் பதிவுக் கோப்பான லாக் சொன்னது. புதிய குழு சேர்ந்தது என்றும் லாக் சொன்னது. ஆனால் அவர் எந்தக் குழுவிலும் இல்லை. தன் வேலையைத் திறக்க முடியாமல் அவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கணினிகளில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

மூன்று இரவுகள் கழித்துப் புரிந்தது. நீக்க வந்த த்ரெட் செட்டிலிருந்து கடைசி மதிப்பை எடுத்தது, செட் காலி என்று பார்த்தது. அது மேப்பிலிருந்து கீயை எடுப்பதற்கு முந்தைய நொடித்துளியில் சேர்க்க வந்த த்ரெட் நுழைந்தது. அதே செட்டைக் கையில் வாங்கியது, புதிய குழுவை அதில் போட்டது, வேலை முடிந்தது என்று லாக்கில் எழுதிவிட்டுப் போனது. அப்புறம் முதல் த்ரெட் வந்து, காலி என்று தான் நினைத்துக்கொண்டிருந்த அந்த செட்டை மேப்பிலிருந்து பிடுங்கிப் போட்டது. புதிய குழுவும் அதோடு போயிற்று. எக்ஸப்ஷன் இல்லை, எச்சரிக்கை இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வோர் அடியும் பாதுகாப்பானது. சேர்த்து வைத்தால் ஓட்டை.

இப்போது சேர்ப்பதையும் நீக்குவதையும் காலி பார்ப்பதையும், ஒரு கீயின் வேலை முடியும்வரை வேறு த்ரெட் அதில் குறுக்கிட விடாத கம்ப்யூட்டுக்குள்ளேயே செய்கிறோம். அந்த வரிகளுக்கு மேலே, இதைப் பிரித்து எழுதாதீர்கள் என்று ஒரு நீண்ட குறிப்பும் இருக்கிறது. எழுதிய இளையவர் தன் தவறு என்று பல நாள் நொந்துபோயிருந்தார். அவர் தவறு என்று நான் நினைக்கவில்லை. மேப், செட் என்று இரண்டு பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, அவற்றை இணைக்கும் நுட்பமான வேலையை ஒவ்வொரு நிரலாளரும் தன்னந்தனியாகச் செய்துகொள்ள வேண்டும் என்று விட்டிருப்பதுதான் தவறு. அதனால்தான் கேட்கிறேன்: இதை நூலகத்தில் சேருங்கள்.

மல்டிமேப்பைச் சேர்க்காததற்கு அந்தப் பயிற்சிப் பக்கங்கள் சொன்ன காரணம், அது அவ்வளவாகப் பயன்படுவதில்லை என்பது. இந்த ஒரு வரிதான் என்னை மிகவும் வருத்துகிறது. பெயரே இல்லாத ஒன்றை யார் எப்படிக் கணக்கெடுத்தார்கள்? மேப்புக்குள் செட் வைத்த ஒவ்வொரு வரியும் மல்டிமேப்தான். உங்கள் ஸ்ட்ரீமில் தரவை வகைபிரிக்கும் குரூப்பிங்பை போட்டு டூசெட் கொடுத்தால் வருவதும் அதே வடிவம்தான். குறிச்சொல்லும் கட்டுரைகளும், மாணவரும் பாடங்களும், ஒரு நிரல்தொகுப்பும் அது சார்ந்திருக்கும் தொகுப்புகளும் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. வேறு வேறு பெயர்களில் ஒளிந்திருப்பதால் எண்ணிக்கையில் வரவில்லை, அவ்வளவுதான்.

அபூர்வமாகத் தேவைப்படுவதற்கு உங்கள் நூலகத்தில் இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐடென்டிட்டிஹேஷ்மேப் என்ற சிறப்பு மேப் ஜாவா 1.4 முதல் இருக்கிறது. அரிதான சூழல்களுக்கு மட்டுமே என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அது இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அரிதானதற்குக் கிடைத்த இடம் அன்றாடம் தேவைப்படுவதற்கு ஏன் கிடைக்கவில்லை?

வெளி நூலகங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. கூகுளின் குவாவா நூலகத்தில் செட்மல்டிமேப் என்ற பெயரிலேயே இருக்கிறது, அப்பாச்சி காமன்ஸிலும் இருக்கிறது. அவற்றை எழுதியவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். ஆனால் நான் ஒரு நூலகம் எழுதி வெளியிட்டால், அதன் மெத்தட் (செயல்கூறு) ஒன்று குவாவாவின் வகையைத் திருப்பித் தந்தால், என் நூலகத்தைப் பயன்படுத்தும் எல்லோர் தலையிலும் குவாவாவை ஏற்றுகிறேன். அவர்கள் வைத்திருக்கும் பதிப்பு வேறாக இருந்தால் அந்தச் சண்டையும் அவர்களுக்கு. ஆகவே எல்லோரும் வெறும் மேப்பையே தருகிறோம். ஆனால் மேப் என்ற அந்த வகை, உள்ளே என்ன விதி என்று எதையும் சொல்வதில்லை. இல்லாத கீயைக் கேட்டால் நல் என்ற வெற்று மதிப்பு வருமா, காலி செட் வருமா? வந்த செட்டில் நான் கை வைக்கலாமா? சைஸ் என்பது கீகளின் எண்ணிக்கை, ஆனால் எனக்கு வேண்டியது இணைகளின் எண்ணிக்கை. காலி செட் வைத்திருக்கும் ஒரு கீயும், அந்தக் கீயே இல்லாத நிலையும் எங்களுக்கு ஒன்றுதான். இரண்டு மேப்களை ஒப்பிடும் உங்கள் ஈக்வல்ஸுக்கு வேறு வேறு. இதனால் மட்டும் உடைந்த டெஸ்ட்களைத் திருத்திய மணிநேரங்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

மற்ற மொழிகளிலும் நிலைமை பெரிய வித்தியாசம் இல்லை. சி++ 1998 தரத்திலேயே மல்டிமேப் தந்தது, ஆனால் அதே கீயும் அதே மதிப்பும் திரும்பத் திரும்ப வருவதை அது தடுக்காது. பைத்தானில் செட்டை வைத்து அமைத்த டிஃபால்ட்டிக்ட் என்ற மேப்பில், இல்லாத கீயைச் சதுர அடைப்புக்குறியில் சும்மா படித்தாலே காலி செட் ஒன்று உள்ளே முளைத்துவிடும். தரவுத்தளத்தில் இரண்டு நெடுவரிசைக்கும் சேர்த்து யுனீக் என்று ஒரு வார்த்தை எழுதினால் முடிகிற விஷயம், நிரலுக்குள் வந்ததும் ஏன் இவ்வளவு அநாதையாகிவிடுகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. ஜாவாவுக்கு வருகிறேன்.

கலெக்‌ஷன்ஸில் புதிய இன்டர்ஃபேஸ் (ஒரு வகைக்கான வரையறை) சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை சேர்த்ததைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனாலும் 2023இல் ஜாவா 21இல், வரிசை உள்ள தொகுப்புகளுக்கென்று சீக்வென்ஸ்டுகலெக்‌ஷனைச் சேர்த்தீர்கள். 1998இலிருந்து இருக்கும் கட்டிடத்தில், பழைய நிரல்களைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாமல் ஒரு புதிய தளத்தை நுழைத்துக் காட்டினீர்கள். அந்தக் கவனத்தைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதும் துணிவு வந்தது.

கேட்பது இதுதான். சேர்த்தால், உண்மையிலேயே புதிதாகச் சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். கேட்டால், நல் வராமல் காலி செட் வர வேண்டும். கடைசி மதிப்பு போனால் கீயும் போக வேண்டும். இதையெல்லாம் பல த்ரெட்கள் நடுவிலும் பிசகாமல் செய்கிற ஒரு வடிவமும் வேண்டும். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் அந்தக் கடைசி ஒன்றுதான். அது இருந்திருந்தால் அந்த இளையவர் தன்னை நொந்துகொண்டிருக்க மாட்டார்.

என் சொற்களில் எங்காவது சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பின் மேல்தான் நாங்கள் எங்கள் வேலையைக் கட்டுகிறோம். இந்த அமைப்பை அடிப்படை நூலகத்தில் சேர்ப்பதை ஒருமுறை மறுபரிசீலனை செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்று முடிவெடுத்தால், அந்தக் காரணத்தையாவது இன்றைய நிலைமையை வைத்துப் புதிதாக எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
மேப்புக்குள் செட் வைத்துப் பல வருடங்களாக நிரல் எழுதும் ஒருவன்